பேராதனைக்கு ஒரு நாள்: பூங்காவோடு திரும்பி விடாதீர்கள்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் எமது வீடுகளில் பேராதனைப் பயணம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். வேன் ஒன்றைப் பேசி, முதல் நாள் இரவே கோழியைப் பொரித்து வைத்து, சுபஹுத் தொழுகையோடு புறப்பட்டு, தாவரவியல் பூங்காவின் புற்றரையில் பாயை விரித்துச் சோற்றுப் பார்சலை அவிழ்க்காத முஸ்லிம் குடும்பம் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். வாப்பாமார் மர நிழலில் ஒரு தூக்கம் போடுவார்கள். பின்னேரம் கண்டி வாவியை ஒரு சுற்று. பிறகு வீடு.

அந்தப் பூங்காவின் வாசலில் இருந்து ஒரு மைல் தூரத்துக்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமான மாணவ மாணவியர் படிக்கும் ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போதும். ஆனால் பாலத்தைக் கடக்கும் எமது வேன்கள் அங்கே நிற்பதில்லை. நேரே கண்டிக்குப் போய்விடுகின்றன. கண்ணாடிக்கு வெளியே கலஹா சந்தி என்ற பெயர்ப்பலகை ஓடி மறைகிறது. உள்ளே இருக்கும் பதினாறு வயது மகளுக்கு, தான் இப்போது எதைக் கடந்து போகிறோம் என்பதே தெரிவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் சாதாரண தரம் முடித்த அல்லது உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், குறிப்பாக அது பெண்பிள்ளையாக இருந்தால், இம்முறை பேராதனைப் பயணத்தைச் சற்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். பூங்காவுக்கு அரை நாள். பல்கலைக்கழகத்துக்கு அரை நாள். செலவு கூடாது, நேரமும் கூடாது. ஆனால் திரும்பி வரும்போது வீட்டில் பேசுவதற்கு வேறொரு விஷயம் இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலோ போயா தினத்திலோ போகாதீர்கள். பூங்காவில் சனம் நிறைந்து வழியும். பல்கலைக்கழகமோ வெறிச்சோடிக் கிடக்கும். வார நாள் ஒன்றில், பல்கலைக்கழக விடுமுறை இல்லாத காலமாகப் பார்த்துப் போக வேண்டும். ஐம்பது பேரை ஏற்றிய பஸ்ஸிலும் வேண்டாம். உம்மா, வாப்பா, பிள்ளைகள், இயன்றால் ஒரு சாச்சியோ மாமியோ. அவ்வளவு பேர் போதும்.

பாதை பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளியின்போது மகாவலி பெருகிப் பேராதனையின் தாழ்ந்த பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது; மலைநாட்டின் புகையிரதப் பாதையும் வீதிகளும் பெரும் சேதமடைந்தன. ஆகவே புகையிரதத்தில் போக நினைப்பவர்கள் அது எதுவரை ஓடுகிறது என்றும், கல்முனை, சம்மாந்துறைப் பக்கமிருந்து மஹியங்கனை வழியாக வருபவர்கள் பதினெட்டு வளைவுப் பாதை எப்படி இருக்கிறது என்றும் புறப்படுமுன் விசாரித்துக் கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வரும் கண்டி பஸ்கள் பூங்கா வாசலைக் கடந்தே போகின்றன. புத்தளம், குருநாகல் பக்கத்தார் கண்டிக்கு வந்து, அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் பின்னால் வந்தால் சரி.

காலையில் பூங்கா

பூங்காவைக் காலையிலேயே முடித்துக் கொள்வது நல்லது. வெயில் ஏறுமுன் நடக்கலாம். கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில் அரச தோட்டமாக இருந்த இடம் இது. 1821இல் ஆங்கிலேயர் இதைத் தாவரவியல் பூங்காவாக அமைத்தார்கள். பரப்பு 147 ஏக்கர். மகாவலி கங்கை குதிரை லாடம் போல மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது.

எல்லாவற்றையும் பார்க்க முயன்று கால் வலித்து உட்கார்ந்துவிட வேண்டாம். பெரிய புற்றரையின் நடுவே குடை போலக் கிளை விரித்து நிற்கும் அத்தி இனத்து மரத்தைப் பாருங்கள். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே அதன் கீழ் இருக்கலாம். வரிசையாக நிற்கும் பாம் மர நடைபாதைகளில் ஒன்றில் நடவுங்கள். 1901இல் அப்போதைய யோர்க் கோமகனும் கோமகளும் நாட்டிய நாகலிங்க மரம் இன்றும் காய்க்கிறது. பகலிலே தலைகீழாகத் தொங்கும் வௌவால் கூட்டத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்களுக்கு அது ஒன்றே போதும். ஓர்க்கிட் மலர்க் கூடத்தைப் பெண்கள் விடமாட்டீர்கள் என்பது தெரியும். அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

மூத்த பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1944 முதல், தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் இந்தப் பூங்காவில்தான் இருந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு பர்மாவில் நடந்த சண்டைகளை இங்கிருந்துதான் நெறிப்படுத்தினார். வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் தூரத்தில் நடந்ததாகத் தெரிவது, இப்படித் திடீரென்று காலடியில் வந்து நிற்கும்.

பகலுணவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு போனால் பிரச்சினை இல்லை. கொண்டு போகாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பூங்காவுக்கு அண்மையில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவகம் உண்டு. கிராமத்துப் பெண்களே நின்று சமைத்து விற்கிறார்கள். குரக்கன் ரொட்டி, இலைக் கஞ்சி, அரிசிமாப் பலகாரங்கள், மூலிகைப் பானங்கள் என்று எல்லாம் உள்ளூர்ச் சாமான்கள். இறைச்சி வகை அறவே கிடையாது. ஆகவே ஹலாலா இல்லையா என்று ஆளை ஆள் பார்த்துக் கொண்டிருக்கும் சங்கடம் உங்களுக்கு இல்லை. விலையும் கையைக் கடிக்காது. அடுப்படியில் எமது பெண்களுக்கு இருக்கும் கைப்பக்குவத்துக்கு இப்படி ஒரு இடம் ஏன் எமது ஊர்களில் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அது வேறு கட்டுரை.

பாலத்தைக் கடந்து

இப்போது மகாவலிப் பாலத்தைக் கடந்து கலஹா சந்திக்கு வாருங்கள். போட்டோ பிரதிக் கடைகள், புத்தகக் கடைகள், கொத்து ரொட்டிக் கடைகள், குடையும் புத்தகமுமாகப் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். மதிலிலும் மின்கம்பத்திலும் 'அறை வாடகைக்கு' என்று ஒட்டிய சின்னச் சின்னக் கடதாசிகளை மகளை நின்று வாசிக்கச் சொல்லுங்கள். விடுதி கிடைக்காத வருடங்களில் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள் என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது.

கலஹா வீதி பல்கலைக்கழகத்தின் நடுவாலேயே போகிறது. இதுதான் பேராதனையின் விசேஷம். பெரிய மதிலும் இரும்புக் கதவுமாக ஒளித்து வைத்த இடமல்ல இது. கலஹாவுக்குப் போகும் பஸ் வண்டிகள் மாணவரையும் தோட்டத் தொழிலாளரையும் ஒன்றாக ஏற்றிக் கொண்டு அதனூடாகவே ஓடுகின்றன. பாதையில் நடக்க எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. கட்டடங்களுக்குள் போக விரும்பினால் மட்டும் காவலாளியிடம் கேளுங்கள். பிள்ளைக்குக் காட்ட வந்தோம் என்று சொன்னால் போதும். மாணவியர் விடுதிக்குள் ஆண்கள் போக முடியாது. வாப்பாமாருக்கு இதைவிட நிம்மதியான செய்தி வேறு இருக்க முடியாது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் என்ற ஆங்கிலேயர். ஹந்தானை மலைக்கும் மகாவலிக்கும் இடையே, தேயிலையும் இறப்பரும் நின்ற சரிவுகளில் கட்டடங்கள் எழும்பி, 1952 அளவில் பெரும்பகுதி இங்கே இடம்மாறியது. கட்டடங்களை வரைந்தவர் ஷேர்லி டி அல்விஸ். செனட் கட்டடத்தின் தூண்களையும் படியிலுள்ள சந்திரவட்டக் கல்லையும் பாருங்கள். பழைய கண்டி அரச மண்டபத்தின் சாயல் அதில் இருக்கிறது. மரங்களை வெட்டிக் கட்டடம் கட்டாமல், மரங்களுக்கு இடையே கட்டடங்களை வைத்தது போலத் தோன்றும். வருடத்தின் முற்பகுதியில் போனால் ரோபரோசியா மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ரோஜா நிறத்தில் பூத்து நிற்கும். கீழே பாதையும் அதே நிறம்.

இன்று ஒன்பது பீடங்கள் உள்ளன. கலை, விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், விவசாயம், மிருக வைத்தியம், பல் மருத்துவம், இணை சுகாதார விஞ்ஞானம், முகாமைத்துவம். எமது பெற்றார் பலருக்குக் 'கெம்பஸ்' என்றால் ஒன்று டொக்டர், இல்லாவிட்டால் இஞ்சினியர். இரண்டும் கிடைக்காவிட்டால் கல்யாணம். இந்தப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால், பெயர்ப்பலகைகளே அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். மருந்தாக்கம், தாதியியல், உணவு விஞ்ஞானம், புள்ளிவிபரவியல், சமூகவியல், மெய்யியல் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசல். பிள்ளை எந்தப் பலகைக்கு முன் நிற்கிறாள் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பொறியியல் பீடம் கொழும்பிலிருந்து 1964இல் இங்கு வந்தது. அதை மற்றக் கரையோடு இணைக்கும் நடைபாலத்தின் பெயர் அக்பர் பாலம். பக்கத்தில் அக்பர் விடுதி. யார் இந்த அக்பர்? முகலாயச் சக்கரவர்த்தி அல்ல. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.டி. அக்பர், எமது மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர். பாலத்தின் நடுவே நின்று கீழே ஓடும் மகாவலியைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய இடத்தில் எமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு அது ஒரு பதில்.

வேறு பதில்களும் உண்டு. அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறை இங்கே இருக்கிறது. பேருவளை ஜாமிஆ நளீமிய்யாவை நெடுங்காலம் வழிநடத்திய கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி அரபு பயின்ற இடம் இதுதான். கல்முனை தந்த கவிஞரும் மொழியியல் அறிஞருமான எம்.ஏ. நுஃமான் இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். முஸ்லிம் மாணவரின் மஜ்லிஸ் அமைப்பு உண்டு. பள்ளிவாசல் உண்டு, குறிஞ்சிக் குமரன் கோயிலும் பௌத்த விகாரையும் கிறிஸ்தவ ஆலயங்களும் உண்டு. லுஹரைத் தொழுதுகொள்ள, பெண்கள் ஒரு முஸல்லாவைக் கையோடு கொண்டு போங்கள். எந்த மாணவியைக் கேட்டாலும் இடத்தைக் காட்டித் தருவாள்.

நூலகத்தை வெளியிலிருந்தாவது பார்க்காமல் வரக்கூடாது. ஏட்டுச்சுவடிகள் முதல் நேற்று வந்த சஞ்சிகை வரை சேர்த்து வைத்த பெரிய களஞ்சியம் அது. அதே போலச் சரிவு ஒன்றில் படிபடியாக அமைந்த திறந்தவெளி அரங்கு. சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் கொடுத்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது 'சிங்கபாகு' 1961இல் இங்கே மேடையேறியது. அதே பத்தாண்டில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிழக்கு மாகாணத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடவைத்து, படித்தவர்கள் கைவிட்டிருந்த ஒரு கலைக்கு மரியாதை தேடிக் கொடுத்தார். இரண்டு மொழிக் கலையும் அயலயலாக வளர்ந்த இடம்.

ஹந்தானை மலையில் ஏறலாமா என்று பையன்கள் கேட்பார்கள். வேண்டாம். மழை தூறினால் அட்டை காலில் ஏறும், வழியும் தவறும். கீழே நின்று பார்க்கவே அந்த மலை அழகு.

கேட்க வேண்டிய கேள்விகள்

கட்டடங்களைப் பார்ப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி, அங்கே படிக்கும் பெண்பிள்ளைகளோடு பேசுவது. வெட்கப்பட வேண்டாம். ஸலாம் சொல்லி, எந்த ஊர் மகள் என்று கேட்டால் போதும். வீட்டை விட்டு வந்திருக்கும் பிள்ளை உம்மாவின் வயதில் ஒருவர் பேசினால் முகம் கொடுக்காமல் போகாது.

மாவனல்லையில் இருந்து மகளை அழைத்து வந்த ஒரு தாயோடு நானும் ஒருமுறை போயிருந்தேன். கலைப் பீடத்துக்கு அருகில் ஒரு வாங்கில் சம்மாந்துறைப் பிள்ளை ஒன்று புத்தகத்தோடு இருந்தது. தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"மகள், ராவைக்கு லைப்ரரியால வார நேரம் பயமில்லையா?"

"தனிய வாறல்ல மாமி. நாலஞ்சு பேர் கூட்டாத்தான் வாற."

"சாப்பாடு?"

"கெண்டீன்ல மரக்கறிச் சோறு. சில நாளைக்கு மீன். ஊருக்குப் போய் வரக்குள்ள உம்மா இறைச்சி வறுத்துத் தந்து விடுவா. அது ரெண்டு நாளையில முடிஞ்சிரும். ரூம்ல இருக்கிற சிங்களப் பிள்ளைகளுக்கும் அதுதான் விருப்பம்."

"வாப்பா எப்படி இவ்வளவு தூரம் அனுப்பின?"

பிள்ளை சிரித்தது. "முதல்ல மாட்டன் எண்டுதான் சொன்ன. பிறகு ஒரு நாள் என்னையும் கூட்டிக்கிட்டு வந்து, நடந்து பார்த்தார். வீட்ட போயும் ஒண்டும் சொல்லல்ல. ரெண்டு கிழமையால ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொண்டு வந்து வெச்சார்."

மாவனல்லைத் தாய் அதற்குப் பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. அவருடைய மகள்தான் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இடம் மாறி உட்கார்ந்து, பாட விபரங்களைக் கேட்கத் தொடங்கினாள். எங்களை இருவரும் மறந்து போனார்கள்.

இனிக்க இனிக்க மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெற்றாரின் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பகிடிவதை என்ற கொடுமை இந்த வளாகத்தில் உயிர்களைக் குடித்திருக்கிறது. 1975இல் பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி உடல் செயலிழந்து, பல வருடங்களின் பின் உயிரையும் மாய்த்துக் கொண்டாள். 1997இல் பொறியியல் பீடத்து மாணவன் ஒருவன் பகிடிவதையால் இறந்தான். அதற்கு அடுத்த வருடமே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் எல்லாம் ஒழிந்துவிடவில்லை. ஆகவே நீங்கள் சந்திக்கும் பிள்ளையிடம் இதைப் பற்றியும் நேரடியாகக் கேளுங்கள். எந்தப் பீடத்தில் அதிகம், முதல் மாதங்களில் என்ன நடக்கிறது, யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று கேளுங்கள். உங்கள் மகளும் அதைக் கேட்கட்டும். பல்கலைக்கழகத்திலும் மானியங்கள் ஆணைக்குழுவிலும் முறையிட வழியுண்டு என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நடந்ததை வீட்டுக்குச் சொன்னால் "அதற்குத்தான் போகாதே என்றோம்" என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருப்பது. அந்தப் பயத்தாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

1987 முதல் 1989 வரை நாட்டை ஆட்டிய பயங்கரமும் இந்த இடத்தை விட்டு வைக்கவில்லை. அல்விஸ் குளம் என்று ஒரு குளம் இருக்கிறது. இன்று அமைதியாகத் தெரியும் அதைச் சுற்றி 1989இல் இளைஞர்களின் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. வளர்ந்த பிள்ளைகளுக்கு அதையும் மறைக்கத் தேவையில்லை.

செலவைப் பற்றியும் கேளுங்கள். கல்விக்குக் கட்டணம் இல்லை, 1945இல் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததன் பயனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். 1981 முதல் மஹாபொலப் புலமைப்பரிசில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் மட்டும் ஒரு பிள்ளை மாதத்தை ஓட்ட முடியாது. சாப்பாட்டுக்கு எவ்வளவு, போட்டோ பிரதிக்கு எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு என்று அங்கே படிக்கும் பிள்ளை சொல்லும் கணக்கைக் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். அதுவே சரியான கணக்கு.

கண்டிக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. இந்தக் கண்டி நகரத்தில்தான் அறிஞர் சித்தி லெப்பை வாழ்ந்தார். 1838இல் பிறந்த சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதியவர். பெண்பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்தால் கெட்டுப் போவாள் என்று நம்பிய காலத்தில், கண்டியிலே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை வைத்தார். வெளியார் வீட்டுப் பெண்களை எதிர்பார்த்து நிற்காமல் தமது சகோதரியையே அந்த வேலையில் நிறுத்தினார். அவரைக் குறை சொன்னவர்கள் அன்று நிறையப் பேர். இன்று நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

படிவம் நிரப்பும் நாள்

இந்த ஒரு நாள் பயணத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. உயர்தரப் பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப ஒழுங்கில் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பிள்ளையின் இசட் புள்ளி, மாவட்டத்துக்குரிய ஒதுக்கீடு, இந்த வரிசை ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இடம் தீர்மானிக்கப்படுகிறது. நான்கு வருட வாழ்க்கை அந்த வரிசையில் தொங்குகிறது.

எமது வீடுகளில் அந்த வரிசையை எழுதுவது யார்? பல வீடுகளில் பயம்தான் எழுதுகிறது. தூரமான இடம் வேண்டாம் என்று ஒரே அடியாக அடித்துவிடுகிறோம். அல்லது சந்தியிலுள்ள கணினிக் கடைக்குப் பிள்ளையை அனுப்பி, கடைக்காரப் பையன் சொல்கிறபடி நிரப்பிவிட்டு வருகிறோம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கியது முதல் கிழக்கில் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கிட்டவே வாசல் திறந்திருக்கிறது; அது பெரிய பாக்கியம். ஆனால் மகள் படிக்க விரும்பும் பாடநெறி அங்கே இல்லாவிட்டால்? மிருக வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளை, பேராதனையை எழுதாமல் விட்டுவிட்டு எங்கே போவாள்?

பார்த்த இடத்தைப் பற்றி வேண்டாம் என்று சொல்வதற்கும், பாராத இடத்தைப் பற்றிச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் மகள் காரணம் கேட்கலாம், நீங்களும் சொல்லலாம். ஒருவேளை அவளே வேண்டாம் என்பாள். அதுவும் நல்லதுதானே.

ஆகவே மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் வந்ததும் அதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இரவுச் சாப்பாட்டின் பிறகு, பேராதனையில் எழுதிய கொப்பியையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு, உம்மாவும் வாப்பாவும் மகளும் ஒன்றாக இருந்து வரிசையைப் போடுங்கள். முடிவு திகதிக்கு முதல் நாள் வரை வைத்திருக்க வேண்டாம். கடைசி நேரத்தில் இணையமும் சண்டித்தனம் பண்ணும்.

இனி, திரும்பும் வழி. பின்னேரம் நான்கரை மணிக்கு மேல் கலஹா சந்தியில் அலுவலகச் சனமும் பாடசாலைப் பிள்ளைகளும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடிவிடுவார்கள். கண்டி பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏற முடியாது. நான்கு மணிக்குள் சந்திக்கு வந்துவிடுங்கள். மழைக்காலமென்றால் அதற்கும் முன்னதாக. குடையை மறக்க வேண்டாம், பேராதனையில் பின்னேர மழை சொல்லிக் கொண்டு வருவதில்லை.